பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? கிராஃப் தாளில் நாமே வரையும் விடை

இன்வெர்ட்டர் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மணி நேரம் ஓடும்?" "மூன்று ஃபேன், நாலு லைட் போட்டால் நாலஞ்சு மணி நேரம் தாராளமா ஓடும்" என்று பதில் வரும். வாங்கி மாட்டிய பிறகு சிலர் வீட்டில் நாலு மணி நேரம் ஓடுகிறது, சிலர் வீட்டில் இரண்டு மணி நேரத்திலேயே பீப் சத்தம் கேட்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு கிளம்புகிறது. பெரும்பாலும் அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். ஒரே பேட்டரி, நாம் அதன் மேல் ஏற்றும் சுமையைப் பொறுத்து வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். அந்த நடத்தையை ஒரே எண்ணில் சொல்ல முடியாது. ஒரு வரைபடத்தில் சொல்லலாம்.

பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கிராஃப் தாளும் பென்சிலும் இருக்கும். அது போதும். வயதான பெற்றோரோ, மூச்சுக் கருவியில் இருக்கும் நோயாளியோ உள்ள வீடுகளுக்கு இந்த வரைபடம் மிக அவசியமானது.

முதலில் இரண்டு எண்கள்

இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் 700 வி.ஏ., 900 வி.ஏ., 1100 வி.ஏ. என்று ஓர் எண் இருக்கும். ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையைத் தூக்கலாம் என்பதை அது சொல்கிறது. எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நேரத்தைத் தீர்மானிப்பது பேட்டரியின் மேல் உள்ள எண். வீடுகளில் அதிகம் காணப்படுவது 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி. ஏ.எச். என்றால் ஆம்பியர் மணி. 150 ஏ.எச். என்பதைப் பார்த்ததும், 10 ஆம்பியர் எடுத்தால் 15 மணி நேரம், 30 ஆம்பியர் எடுத்தால் 5 மணி நேரம் என்று வகுத்துவிடத் தோன்றும்.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சி20 என்று சிறியதாக அச்சிட்டிருப்பதையும் பாருங்கள். 20 மணி நேரத்தில் காலியாகும்படி மெதுவாக எடுத்தால்தான் 150 கிடைக்கும் என்பது அதன் பொருள். அதாவது 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம். அதைவிட வேகமாக எடுத்தால் 150 கிடைக்காது.

வேகமாக எடுத்தால் ஏன் குறைகிறது?

நம் ஊர் ஊற்றுக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். வாளியில் மெதுவாக இறைத்தால் நாள் முழுக்கத் தண்ணீர் வரும். பெரிய மோட்டார் போட்டு உறிஞ்சினால் அரை மணியில் கிணறு வற்றிவிடும். ஆனால் தண்ணீர் தீர்ந்துபோகவில்லை. சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஊறி வருவதற்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தால் மறுபடி ஊறியிருக்கும்.

ஈய அமில பேட்டரிக்குள்ளும் இதுவே நடக்கிறது. ஈயத் தகடுகளில் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றுக்குள் இருக்கும் கந்தக அமிலம் வேலை செய்து தீரும்போது, வெளியில் இருக்கும் அமிலம் உள்ளே ஊறிப் போக வேண்டும். கரண்டை வேகமாக உறிஞ்சினால் ஊறுவதற்குள் துளைகளில் அமிலம் தீர்ந்து, வோல்டேஜ் சரிந்து, இன்வெர்ட்டர் "பேட்டரி லோ" என்று நிறுத்திவிடுகிறது. பேட்டரியின் உள் எதிர்ப்பும் இதோடு சேர்ந்து வோல்டேஜை இழுக்கிறது. நின்றுபோன பேட்டரி கொஞ்ச நேரம் கழித்துச் சிறிது உயிர் பெறுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது கிணறு ஊறுவதைப் போன்றதுதான்.

இந்தச் சரிவை 1897ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய விஞ்ஞானி வில்ஹெல்ம் பியூகெர்ட் ஒரு கணக்காக எழுதி வைத்தார். இன்றும் அவர் பெயரால்தான் அந்த விதி வழங்குகிறது. எடுக்கும் கரண்ட் இரண்டு மடங்கானால், ஓடும் நேரம் பாதியாகக் குறைவதோடு நிற்காமல் அதற்கும் கீழே போகும் என்பதே அதன் சாரம்.

வரைபடத்துக்கான புள்ளிகள்

இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: சுமையின் வாட்ஸை 10ஆல் வகுத்தால் பேட்டரியிலிருந்து போகும் ஆம்பியர் ஏறக்குறையக் கிடைத்துவிடும். 150 வாட்ஸ் என்றால் 15 ஆம்பியர். பியூகெர்ட் விதியில் ஈய அமில பேட்டரிக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் 1.2 என்ற மதிப்பை வைத்து, புதிய 150 ஏ.எச். பேட்டரிக்குக் கணக்கிட்டால் கிடைப்பவை இவை:

75 வாட்ஸ் சுமை: 20 மணி நேரம்
150 வாட்ஸ் சுமை: சுமார் 8 மணி 40 நிமிடம்
300 வாட்ஸ் சுமை: சுமார் 3 மணி 50 நிமிடம்
600 வாட்ஸ் சுமை: சுமார் 1 மணி 40 நிமிடம்

சாதாரணமாக வகுத்திருந்தால் இவை 20, 10, 5, இரண்டரை என்று வந்திருக்கும். 600 வாட்ஸில் நாம் எதிர்பார்த்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது.

இப்போது கிராஃப் தாளை எடுங்கள். கீழே படுக்கைக் கோட்டில் சுமை: ஒரு சென்டிமீட்டருக்கு 50 வாட்ஸ். இடது பக்கச் செங்குத்துக் கோட்டில் நேரம்: ஒரு சென்டிமீட்டருக்கு 2 மணி நேரம். நான்கு புள்ளிகளையும் குறியுங்கள். அவற்றை ஸ்கேல் வைத்து இணைக்காமல், கையால் வளைவாக இணையுங்கள்.

ஸ்கேல் ஏன் கூடாது? 75 வாட்ஸ் புள்ளியையும் 300 வாட்ஸ் புள்ளியையும் மட்டும் குறித்து நேர்கோடு போட்டால், நடுவில் 190 வாட்ஸுக்குக் கிட்டத்தட்ட 12 மணி நேரம் என்று காட்டும். உண்மையில் அந்தச் சுமைக்குப் பேட்டரி ஆறரை மணி நேரம்தான் தாங்கும். இரண்டு புள்ளிகளை நம்பினால் ஐந்து மணி நேரம் தவறிவிடும். மூன்று நான்கு புள்ளிகள் இருந்தால்தான் வளைவின் உருவம் தெரியும். அதேபோல் கடைசிப் புள்ளிக்கு அப்பால் கோட்டை நீட்டி 900 வாட்ஸுக்கு எவ்வளவு என்று ஊகிக்கவும் வேண்டாம். அளந்த எல்லைக்குள் மட்டுமே வரைபடத்தை நம்பலாம்.

வரைபடத்தைத் திருப்பிப் படித்தல்

"இந்தச் சுமைக்கு எவ்வளவு நேரம்?" என்று பார்ப்பது ஒரு வழி. "எனக்கு இவ்வளவு நேரம் வேண்டும், எவ்வளவு சுமை போடலாம்?" என்று பார்ப்பது இன்னொரு வழி. குடும்பத்துக்கு அதிகம் உதவுவது இரண்டாவதுதான்.

இரவு 10 மணிக்குக் கரண்ட் போனால் ஃபஜ்ருக்கு எழும் 5 மணி வரை தாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏழு மணி நேரம். செங்குத்துக் கோட்டில் 7 என்ற இடத்திலிருந்து படுக்கை வசத்தில் ஒரு கோடு இழுங்கள். அது வளைவைத் தொடும் இடத்திலிருந்து கீழே பாருங்கள். 180 வாட்ஸ் என்று காட்டும். அதுதான் அந்த இரவுக்கான உங்கள் வரம்பு.

சாதாரண சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட்ஸ் எடுக்கும். மூன்று ஃபேன் 225. ஒன்பது வாட்ஸ் எல்.இ.டி. பல்பு நான்கு, 36. வைஃபை பெட்டி 10. மொத்தம் 271 வாட்ஸ். வரம்பைத் தாண்டிவிட்டது. வளைவில் பார்த்தால் நாலேகால் மணி நேரம்தான், அதாவது இரவு இரண்டேகாலுக்கு ஃபேன் நின்றுவிடும்.

அதே வீட்டில் மூன்று ஃபேனையும் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினால், ஒன்று 30 வாட்ஸ் வீதம் 90 வாட்ஸ் ஆகும். மொத்தச் சுமை 136. வளைவில் நேரம் ஒன்பதரை மணிக்கும் மேல் போகிறது. சுமை பாதியானது, நேரம் இரண்டு மடங்குக்கும் மேலானது. பேட்டரியை மாற்றாமலே கிடைத்த லாபம் இது. கரண்ட் பில்லிலும் மிச்சம்.

இரண்டாவது பேட்டரி வாங்க நினைப்பவர்களுக்கும் இதே பாடம்தான். 300 வாட்ஸ் சுமையை ஒரு பேட்டரி 3 மணி 50 நிமிடம் தாங்கியது. அதற்கேற்ற இன்வெர்ட்டரில் இரண்டு பேட்டரிகள் சுமையைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டால், இரண்டும் சேர்ந்து 8 மணி 40 நிமிடம் தாங்கும், இரண்டு மடங்கைவிட ஒரு மணி நேரம் கூடுதல். ஆனால் பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்க்கக் கூடாது. பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

லித்தியம் பேட்டரிகளில் இந்தச் சரிவு மிகக் குறைவு. அதனால் அதிகச் சுமை போடும் வீட்டில் 100 ஏ.எச். லித்தியம், 150 ஏ.எச். ஈய பேட்டரிக்குக் கிட்டத்தட்டச் சமமாக ஓடும். குறைந்த சுமையில் அந்தச் சமம் இருக்காது. இரண்டு வளைவுகளையும் ஒரே தாளில் வரைந்தால் இது தெளிவாகத் தெரியும். லித்தியம் போடுவதாக இருந்தால் இன்வெர்ட்டர் அதற்கு ஏற்றதா என்று கேட்டுக்கொள்வது கட்டாயம்.

வயதும் வெயிலும்

புதிய பேட்டரிக்கு வரைந்த வளைவு என்றைக்கும் அப்படியே இருக்காது. ஆண்டுகள் போகப் போக முழு வளைவும் கீழே இறங்கும். கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வந்துவிட்டால் பேட்டரி ஆயுளின் முடிவை நெருங்கிவிட்டது என்பது பொதுவான வழக்கு. 80 சதவீதம் என்றதும் நேரமும் 80 சதவீதம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். அதே சுமைக்கு நேரம் முக்கால் பங்குக்கு வந்துவிடும். மேலே சொன்ன 180 வாட்ஸ் வரம்பு 144 ஆகச் சுருங்கும். பி.எல்.டி.சி. ஃபேன் போட்ட வீடு அப்போதும் ஃபஜ்ர் வரை சமாளித்துவிடும். பழைய ஃபேன் வீட்டில் மூன்றேகால் மணி நேரம்தான் ஓடும்.

வெயில் இன்னொரு காரணம். சூடான இடத்தில் ஈய பேட்டரி அன்றைய தினம் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கும், ஆனால் ஆயுளைச் சீக்கிரம் இழக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. குளிரில் இதற்கு நேர்மாறு. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் டிசம்பர் இரவில் அதே பேட்டரி குறைவாகக் கொடுக்கும். மொட்டை மாடித் தகரக் கொட்டகையின் கீழும், அடுப்படிச் சுவரை ஒட்டியும் பேட்டரியை வைக்காமல், நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் அடிமட்டம் வரை காலி செய்வதும் ஆயுளைக் குறைக்கும். பாதியோடு நிறுத்திச் சார்ஜ் ஏற்றினால் பேட்டரி அதிக முறை உழைக்கும்.

உங்கள் வீட்டுப் புள்ளியை நீங்களே அளக்கலாம்

மேலே தந்தவை கணக்கில் வந்த எண்கள். உங்கள் பேட்டரியின் உண்மை நிலை அளந்தால்தான் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும். அடிக்கடி செய்தால் பேட்டரிக்குத்தான் கேடு.

முதலில் டிஸ்டில்டு வாட்டர் அளவைச் சரிபார்த்து, இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றுங்கள். காலையில் இன்வெர்ட்டருக்குள் வரும் மின்சாரத்தை மட்டும் நிறுத்துங்கள். எந்தெந்த ஃபேன், லைட் ஓடுகின்றன என்று எழுதி, வாட்ஸைக் கூட்டுங்கள். தொடங்கிய நேரத்தைக் குறியுங்கள். சோதனை முடியும்வரை சுமையை மாற்றக் கூடாது. இன்வெர்ட்டர் "பேட்டரி லோ" என்று எச்சரித்ததும் நிறுத்தி, நேரத்தைக் குறித்து, உடனே சார்ஜில் போடுங்கள். காலியான பேட்டரியை அப்படியே விட்டுவைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். வேறொரு நாளில், மறுபடி முழுச் சார்ஜ் ஏற்றிய பிறகு, வேறு சுமையில் அளவுங்கள். மூன்று சுமை, மூன்று நாள், மூன்று புள்ளி. அவற்றைக் கணக்கில் வந்த வளைவின் மேலேயே வேறு நிறத்தில் குறியுங்கள். உங்கள் புள்ளிகள் எவ்வளவு கீழே இருக்கின்றனவோ, பேட்டரி அவ்வளவு தளர்ந்திருக்கிறது.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது தீப்பற்றும் வாயு வெளிவரும். பக்கத்தில் தீக்குச்சி, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் கூடாது. சின்னப் பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

மூச்சுக் கருவி உள்ள வீடுகள்

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை வாங்கியோ இரவல் பெற்றோ பயன்படுத்தும் வீடுகளில் இந்த வரைபடம் உயிரோடு தொடர்புடையது. ஐந்து லிட்டர் கருவி சுமார் 350 வாட்ஸ் எடுக்கும். கருவியின் பின்புற லேபிளில் சரியான எண் இருக்கும். ஒரு பி.எல்.டி.சி. ஃபேனும் லைட்டும் சேர்த்து 395 வாட்ஸ் என்று கொள்வோம். சாதாரண வகுத்தலில் 3 மணி 48 நிமிடம் வரும். வளைவு காட்டுவது 2 மணி 43 நிமிடம். தளர்ந்த பேட்டரி என்றால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவதே அரிது. "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது" என்று வீட்டார் நம்பிக்கொண்டிருக்கும் வேளையில் கருவி நின்றுவிடும்.

ஃபேனையும் லைட்டையும் நிறுத்தி, கையில் டார்ச் வைத்துக்கொண்டால் சுமார் 25 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு மேல் பேட்டரியிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஆகவே மாற்று ஏற்பாடாக ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். வீடுகளில் வைக்கும் பி வகைச் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் போனால் 12 மணி நேரத்துக்கும் மேல் வரும், 5 லிட்டர் போனால் 5 மணி நேரம். சிலிண்டரில் நேராக வகுத்துக்கொள்ளலாம். வேகமாக எடுத்தாலும் மெதுவாக எடுத்தாலும் மொத்த அளவு மாறாது. பேட்டரியில் அப்படி வகுக்க முடியாது என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

இன்னும் சில எச்சரிக்கைகள். இப்படிப்பட்ட கருவிக்கு சைன் வேவ் வகை இன்வெர்ட்டர்தான் தேவை. அதன் வி.ஏ. அளவு கருவியின் தொடக்க இழுப்பைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்க மருத்துவர் சொன்ன ஆக்சிஜன் அளவைக் குறைக்கக் கூடாது. நோயாளி கருவியில் இருக்கும்போது பேட்டரிச் சோதனை செய்யவே கூடாது. இரவல் வாங்கிய கருவி வீட்டுக்கு வந்த அன்றே, நோயாளியை இணைக்கும் முன், இன்வெர்ட்டரில் அதை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நாட்களில் பேட்டரியை மறுபடி சார்ஜ் ஏற்ற வழியே இருக்காது. புயல் எச்சரிக்கை வந்ததுமே சிலிண்டரை நிரப்பி வைப்பதும், நோயாளியை மின்சாரம் நிற்காத மருத்துவமனைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்பதும் நல்லது.

வரைந்த தாளை அலமாரியில் வைக்காமல் இன்வெர்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். பேட்டரி வாங்கிய தேதியையும் கடைசியாக அளந்த தேதியையும் அதில் எழுதுங்கள். "நம் வீட்டு வரம்பு இத்தனை வாட்ஸ்" என்று பெரிய எழுத்தில் குறித்து, கரண்ட் போனதும் எந்தெந்த சுவிட்சை முதலில் அணைக்க வேண்டும் என்ற பட்டியலையும் கீழே சேருங்கள். ஆண்கள் வெளியூரில் இருக்கும் நாளிலும், பெரியவர்களும் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் இரவிலும், அந்தத் தாளைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சரியான முடிவு எடுக்க முடியும்.